லாக்புக்கில் இருக்கும் ‘லாக்’ எங்கிருந்து வந்தது?

கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்களிடம் ஏதாவது கோளாறு என்று போய் நின்றால், அவர்கள் முதலில் கேட்பது “லாக் பார்த்தீர்களா?” என்றுதான். விமானி தான் பறந்த மணிக்கணக்கை லாக்புக்கில் எழுதி வைக்கிறார். மின்னஞ்சலைத் திறக்க நாம் லாகின் செய்கிறோம். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே சொல். ஆனால் ஆங்கில அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்கு முதலில் போட்டிருக்கும் பொருள் மரக்கட்டை. வெட்டிச் சாய்த்த மரத்தின் தடித்த துண்டு. கட்டைக்கும் குறிப்பேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அதற்குப் போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பூட்டைக் குறிக்கும் லாக்கையும் இந்த லாக்கையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். கதவை லாக் பண்ணுவதும் லாக்டவுனும் வேறு குடும்பம். ஆங்கிலத்தில் உச்சரிக்கும்போது கடைசி ஒலி மெலிந்து வருமே, அந்த லாக்தான் இங்கே விஷயம்.

இன்றைய பொருளைச் சுருக்கமாகச் சொன்னால், நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த வரிசையில் நேரம் போட்டு எழுதிவைக்கும் பதிவுதான் லாக். முதலில் நேரம், அடுத்து நடந்தது. அவ்வளவே. டைரி என்ற சொல் நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தும், ஜர்னல் என்பது அதே வேரில் பிறந்த பிரெஞ்சு வழியாகவும் வந்தவை. இரண்டுக்கும் நாள்தான் அடிப்படை. ஒரு நாள் முடிந்தபின் உட்கார்ந்து, நினைத்துப் பார்த்து எழுதுவதற்கு அவற்றில் இடமுண்டு. லாக் அப்படியில்லை. சம்பவம் நடக்கும்போதே கூடவே எழுதப்படுவது அது. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதற்கான விடை கடலில் இருக்கிறது.

வேகமானி இல்லாத கப்பல்

பாய்மரக் கப்பல் நடுக்கடலில் இருக்கிறது. நாலாபுறமும் தண்ணீர். கரை தெரியாது, அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு மரமோ மலையோ கிடையாது. இப்போது எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க மாலுமிகளிடம் இருந்த முக்கியமான வழி கணக்குதான். எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை மணிநேரம் போனோம்? இந்த மூன்றும் தெரிந்தால் நேற்றைய இடத்திலிருந்து இன்றைய இடத்தைக் கணக்கிட்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடலாம். திசையைக் காந்த ஊசி சொல்லும். நேரத்தை மணல் கடிகாரம் சொல்லும். வேகத்தை யார் சொல்வது?

அங்கேதான் கட்டை வருகிறது. முன்பக்கத்தில் ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் போட்டு, அது கப்பலின் பின்முனையைத் தாண்ட எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது ஒரு வழி. கப்பலின் நீளம் தெரியும், நேரம் தெரியும், வேகம் கிடைத்துவிடும். இதையே கொஞ்சம் மேம்படுத்தினார்கள். கட்டையில் நீண்ட கயிற்றைக் கட்டிப் பின்பக்கமாக வீசினால், கட்டை கிட்டத்தட்ட அதே இடத்தில் மிதந்து நிற்கும், கப்பல் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு கயிறு உருவிக்கொண்டு போயிற்றோ அதுதான் கப்பல் கடந்த தூரம். ஆங்கிலேயரான வில்லியம் போர்ன் 1574இல் வெளியிட்ட கடலோடிகளுக்கான கையேட்டில் இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கட்டைக்குப் பெயர்தான் லாக். தனியாக ஒரு பெயர் யோசிக்கவெல்லாம் இல்லை, கட்டையைக் கட்டை என்றார்கள். அந்தச் சொல்லுக்கும் முந்தைய மூலம் எது என்பதில் சொல்லாய்வாளர்களுக்குள் உடன்பாடு கிடையாது. வெட்டி வீழ்த்திய மரத்தைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லோடு சிலர் இணைக்கிறார்கள், ஒலிமாற்றம் பொருந்தவில்லை என்று மற்றவர்கள் மறுக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் அது புழங்கியது என்பது மட்டும் உறுதி.

காலப்போக்கில் கட்டை மெலிந்து பலகையானது. வட்டத்தில் கால் பங்கை வெட்டியெடுத்தது போன்ற வடிவம். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். அதனால் பலகை தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும், இழுத்தாலும் எளிதில் நகராது. மூன்று மூலைகளிலிருந்தும் வரும் கயிறுகள் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட கயிற்றோடு இணையும். அதில் ஒரு இணைப்பு மட்டும் மர ஆணியால் செருகப்பட்டிருக்கும். அளந்து முடித்ததும் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆணி கழன்றுவிடும், பலகை படுத்துக்கொள்ளும், பிறகு சிரமமில்லாமல் இழுத்துவிடலாம். ஓடும் கப்பலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் பலகையை இழுத்துப் பார்த்துக் கை நொந்த யாரோ ஒருவர்தான் இதை யோசித்திருக்க வேண்டும்.

வேலைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் கயிறு சுற்றிய உருளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் கையில் மணல் கடிகாரம். மூன்றாமவர் பலகையை வீசுவார். கப்பலின் பின்னால் தண்ணீர் கலங்கி ஓடும் பகுதியைப் பலகை தாண்ட வேண்டும் என்பதற்காகக் கயிற்றின் முதல் பகுதியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பகுதி முடியும் இடத்தில் துணித்துண்டு ஒன்று கட்டியிருக்கும். அது கையைத் தாண்டியதும் “திருப்பு!” என்று குரல். கடிகாரம் கவிழ்க்கப்படும். மணல் கடைசிவரை இறங்கியதும் “நிறுத்து!” கயிறு அப்படியே பிடிக்கப்படும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் போட்டிருக்கும். அதுவரை எத்தனை முடிச்சுகள் கைக்குள் ஓடின என்று எண்ணியிருப்பார்கள்.

முடிச்சுக்கு ஆங்கிலத்தில் நாட். கப்பலின் வேகத்தை இன்றும் நாட் கணக்கில் சொல்வது இதனால்தான். விமானங்களுக்கும், புயல் எச்சரிக்கையில் காற்றின் வேகத்துக்கும் அதே அலகு. சிலர் ‘மணிக்கு இத்தனை நாட்’ என்று எழுதுகிறார்கள். அது தேவையில்லை, நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல்.

இந்த அளவு எப்படிச் சரியாக வருகிறது என்று பார்ப்பது சுவாரஸ்யமானது. கடிகாரம் 28 விநாடி ஓடும். முடிச்சுகளுக்கு இடையே 47 அடி 3 அங்குலம். ஒரு மணிக்கு 3,600 விநாடி, ஒரு கடல் மைலுக்குச் சுமார் 6,080 அடி. 3,600இல் 28 எத்தனை பங்கோ, 6,080 அடியில் ஏறக்குறைய அதே பங்குதான் 47 அடி 3 அங்குலம். ஆகவே 28 விநாடியில் ஐந்து முடிச்சு ஓடினால், கப்பல் மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் போகிறது. பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம், முடிச்சை எண்ணத் தெரிந்தால் போதும். கப்பல் மிக வேகமாகப் போனால் 14 விநாடி கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, எண்ணியதை இரட்டிப்பார்கள்.

தொடக்கத்தில் அளவு இவ்வளவு நேர்த்தியாக இல்லை. கடல் மைல் என்பது 5,000 அடி என்று நினைத்துக்கொண்டு, 30 விநாடிக்கு 42 அடி என்று முடிச்சு போட்டார்கள். 1630களில் ரிச்சர்ட் நார்வுட் என்பவர் லண்டனிலிருந்து யார்க் நகரம் வரை நிலத்தை அளந்து, இரண்டு ஊர்களிலும் சூரியனின் உயரத்தைப் பார்த்து, பூமியின் அளவைக் கணக்கிட்டார். கடல் மைல் சுமார் 6,120 அடி என்பது அவர் கண்ட விடை. இன்றைய 1,852 மீட்டரை அடியில் சொன்னால் ஏறக்குறைய 6,076. சங்கிலியாலும், சங்கிலி போட முடியாத இடங்களில் காலடியாலும் அளந்தவருக்கு இது அபாரமான துல்லியம். முடிவுகளை அவர் 1637இல் புத்தகமாக வெளியிட்ட பிறகும் பல மாலுமிகள் குட்டை முடிச்சுகளை விடவில்லை. முடிச்சுகள் நெருக்கமாக இருந்தால் கணக்கில் கப்பல் உண்மையைவிட முன்னால் போய்விட்டதாகத் தெரியும். கரை வரப்போகிறது என்று சீக்கிரமே உஷாராகிவிடுவார்கள். இன்னும் தூரம் இருக்கிறது என்று நம்பிப் பாறையில் மோதுவதைவிட அது மேல் அல்லவா?

எல்லாம் செய்தும் கட்டைக்கு ஒரு குறை உண்டு. தண்ணீரோடு ஒப்பிட்டுத்தான் அது வேகத்தைக் காட்டும். கடல் நீரோட்டம் கப்பலையும் கட்டையையும் சேர்த்து ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால், கயிற்றுக்கு அது தெரியவே தெரியாது.

கட்டையிலிருந்து புத்தகத்துக்கு

அளந்ததை உடனே எழுதியாக வேண்டும். கடற்படைக் கப்பல்களில் மணிக்கு ஒருமுறை லாக் வீசுவது வழக்கம். இரவிலும், மழையிலும், முறைக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது, யார் நினைவை நம்புவது? அதற்காகத் தளத்தில் ஒரு பலகை இருந்தது. புத்தகம்போல மடித்து மூடும்படி இரண்டு கறுப்புப் பலகைகளைச் சேர்த்தது. சாக்பீஸால் கட்டம் கட்டியிருக்கும். மணி, நாட், முழு முடிச்சுக்குக் குறைவான மிச்சம், போகும் திசை, காற்று, குறிப்பு. இதற்கு லாக் பலகை என்று பெயர். பழைய கடல்வழக்கில் ஒரு நாள் என்பது நண்பகல் தொடங்கி நண்பகல் வரை. நாள் முடிந்ததும் பலகையில் இருந்ததைப் புத்தகத்தில் படியெடுத்துவிட்டு, பலகையைத் துடைத்து அடுத்த நாளைத் தொடங்குவார்கள்.

அந்தப் புத்தகம்தான் லாக்புக். இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது. கட்டையின் அளவை எழுதும் புத்தகம் என்பதுதான் பொருள். ஆனால் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்ததே, அது சும்மா இருக்கவில்லை. பாய் கிழிந்தது, எதிரே ஒரு கப்பல் தெரிந்தது, தண்ணீர்ப் பீப்பாய் ஒழுகுகிறது, மாலுமி ஒருவர் இறந்தார் என்று எல்லாம் அங்கே ஏறின. பிறகு அந்தப் புத்தகத்தையே லாக் என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். கட்டை மெல்ல நழுவிப் போனது. 19ஆம் நூற்றாண்டில் தண்ணீருக்குள் சுழன்று தானே தூரத்தைக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றையும் லாக் என்றே அழைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

புத்தகத்துக்கு ஒரு ஒழுங்கும் வந்தது. எழுதியதை அழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பழையது படிக்கும்படி விட்டு, சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். வணிகக் கப்பல்களில் ஒரு மாலுமி குற்றம் செய்தால், அதை அதிகாரபூர்வ லாக்கில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுவார்கள். அபராதம் விதிக்கப்பட்டவரை ‘லாக் செய்யப்பட்டவர்’ என்று சொல்லும் வழக்கும் அங்கே உண்டானது.

எழுதியது இவ்வளவு முக்கியமா என்று தோன்றலாம். கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த வரிகள்தான் முக்கிய ஆதாரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் புரியும். லாக் எழுதுவது பிற்காலத்தில் யாரோ படித்து ரசிப்பதற்காக அன்று. அடுத்த கணக்கைப் போடுவதற்காக. ஒரு மணிநேரம் விட்டுப்போனால் கப்பலின் இடமே தவறிவிடும்.

இதற்கு என் மனதில் நிற்கும் உதாரணம் வில்லியம் பிளை. 1789 ஏப்ரல் 28 அன்று தென்பசிபிக்கில், டோங்கா தீவுகளுக்கு அருகே, பவுண்டி கப்பலில் கலகம் நடந்தது. கேப்டன் பிளையையும் 18 பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். காந்த ஊசி உண்டு, வரைபடம் கிடையாது. லாக் கயிறும் கிடையாது. முதலில் சில நாட்கள் வேகத்தைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்த பிளை, பிறகு இருந்த கயிற்றில் முடிச்சு அளவுகளைக் குறித்து ஒரு லாக் கயிறு தயாரித்தார். மணல் கடிகாரத்துக்கு எங்கே போவது? படகில் இருந்தவர்களே விநாடிகளை வாயால் எண்ணப் பழகினார்கள். கொஞ்சம் பயிற்சிக்குப் பிறகு சிலருக்கு ஓரளவு துல்லியமாகவே வந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். பட்டினி, நனைந்த உடை, ஓயாமல் இறைக்க வேண்டிய தண்ணீர், இதற்கிடையில் மணிக்கணக்கு. சுமார் 3,600 கடல் மைல் கடந்து ஜூன் 14 அன்று தைமூர் தீவின் குபாங்கை அடைந்தார்கள். போகும் வழியில் அவர் எழுதிய சிறிய குறிப்பேடு இப்போது ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

எழுதியவர்கள் எதிர்பாராத பயன்களும் பின்னால் வந்தன. 1840களில் அமெரிக்கக் கடற்படையின் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பேற்ற மேத்யூ மௌரி, அங்கே குவிந்து கிடந்த பழைய லாக்புக்குகளிலிருந்து காற்று, நீரோட்டக் குறிப்புகளைத் திரட்டினார். 1847 முதல் அவர் வெளியிட்ட வரைபடங்களைப் பார்த்துக் கப்பல்கள் பாதையை மாற்றிப் பயணநாட்களைக் குறைத்தன. ஒரு கட்டையால் அறியவே முடியாத நீரோட்டம், ஆயிரக்கணக்கான லாக்புக்குகளை அடுக்கி வைத்தபோது தெரிந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1806இல் தன் சொந்தக் குறிப்பேட்டுக்காக 0 முதல் தொடங்கிக் காற்றின் வலிமைக்கு எண் கொடுத்தார். ‘பலத்த காற்று’ என்று ஒருவர் எழுதுவதும் இன்னொருவர் எழுதுவதும் ஒன்றாக இருக்காதே. பிரிட்டிஷ் கடற்படை 1838இல் அந்த அளவுகோலை லாக்புக்குகளுக்குக் கட்டாயமாக்கியது. இன்று பருவநிலை ஆய்வாளர்கள், வெப்பமானி பரவலாக இல்லாத காலத்துக் கடல் வானிலையை அறிய 18, 19ஆம் நூற்றாண்டுக் கப்பல் லாக்குகளைத்தான் புரட்டுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஏறிய லாக்

கப்பலிலிருந்து இந்தப் பழக்கம் விமானத்துக்கும், இயந்திர அறைக்கும், ஆய்வுக்கூடத்துக்கும் போனது. அங்கெல்லாம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்பதால் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடலாம்.

1947 செப்டம்பர் 9. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவான மார்க்-2 என்ற கணிப்பொறி. அதை இயக்கியவர்கள் கையால் எழுதிய லாக்புக்கின் அன்றைய பக்கத்தில், ஓரத்தில் கடற்படை பாணியில் நான்கு இலக்க நேரங்கள் வரிசையாக இறங்குகின்றன. 0800 என்று தொடங்குகிறது. 1545க்கு எதிரே ஒரு விட்டில்பூச்சி டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. 70ஆம் எண் ரிலேயில், அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்சில், சிக்கியிருந்தது என்று குறிப்பு. ‘நிஜமாகவே பூச்சி கிடைத்த முதல் சம்பவம்’ என்று கீழே ஒரு வரி. பூச்சியைக் குறிக்கும் ‘பக்’ என்ற ஆங்கிலச் சொல்லால் பழுதைச் சொல்வது அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்ததால்தான் அந்த நகைச்சுவை. அந்தப் பக்கம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சிக்காக எல்லோரும் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கோ ஓரத்து நேரங்கள்தான் பிடித்திருக்கின்றன. சாக்பீஸ் பலகையின் முதல் கட்டம் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் எழுதும் வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்டது. ஒரு இணையதளத்தை நீங்கள் திறந்தால், அதன் சர்வர் ஒரு வரி எழுதுகிறது: எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, கிடைத்ததா. 200 என்றால் கிடைத்தது. 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை. ஏன் இல்லை, யார் தவறு என்றெல்லாம் அது சொல்லாது. அந்த வரிகளைக் கோத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது மனிதர் வேலை.

பணப் பரிமாற்றம் போன்றவற்றைக் கையாளும் டேட்டாபேஸில் லாக்குக்கு இன்னும் கனமான பொறுப்பு. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போக வேண்டும் என்றால், கணக்குகளைத் தொடுவதற்கு முன்பே ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று லாக்கில் எழுதப்படும். அதன் பிறகுதான் உண்மையான மாற்றம். நடுவில் மின்சாரம் போய் எல்லாம் நின்றுவிட்டாலும் கவலையில்லை. மறுபடி இயங்கும்போது லாக்கை வரிசையாக வாசித்து, முடிந்ததை உறுதிசெய்து, பாதியில் நின்றதைத் திரும்ப எடுத்துவிடும். கடைசியாக உறுதியாகத் தெரிந்த நிலையிலிருந்து, எழுதிய வரிகளைக் கொண்டு இப்போதைய நிலையைக் கணக்கிடுவது. கப்பல் அதிகாரி நண்பகலில் வரைபடத்தின் முன் உட்கார்ந்து செய்தது இதேதான்.

லாகின் என்பதும் இந்தக் குடும்பமே. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தபோது, அதில் லாகின் என்று ஒரு கட்டளை இருந்தது. வந்தவர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டு உள்ளே போவது என்பதுதான் அதன் கருத்து. லாக் அவுட் என்றால் வெளியேறும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போவது. பாஸ்வேர்டு கேட்பதால் ஏதோ பூட்டைத் திறக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ் எழுத்து வேறு அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது.

அடுத்து பிளாக், அதாவது வலைப்பூ. இணையத்தில் கண்டதையெல்லாம் தேதிவாரியாகக் குறித்துவந்த ஜோர்ன் பார்ஜர் 1997 டிசம்பரில் தன் பக்கத்தை ‘வெப்லாக்’ என்று அழைத்தார். வலையும் லாக்கும் சேர்ந்த சொல். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை வேறு இடத்தில் உடைத்து ‘வீ பிளாக்’ என்று விளையாட்டாக எழுத, அந்தப் பின்பாதி தனிச்சொல்லாகி நின்றுவிட்டது. 2004இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஆண்டின் சொல்லாக அறிவித்ததும் அதைத்தான். ‘பி’ என்ற எழுத்து வலையிலிருந்து வந்தது, மீதி கப்பலிலிருந்து. வீடியோவில் எடுத்தால் வ்லாக். பழைய குணத்தை அதிகம் இழந்தவை இவைதான். புதியது மேலே, பழையது கீழே என்று வரிசை தலைகீழாகிவிட்டது. அபிப்பிராயம் தாராளமாக வருகிறது. எழுதியதைச் சத்தமில்லாமல் திருத்தவும் செய்கிறார்கள். தேதியும் நேரமும் மட்டும் தலையில் இருக்கின்றன.

கடைசியாக, ஆளைப் பார்த்து உறவு சொல்லிவிடக் கூடாத சில சொற்கள். கணக்குப் பாடத்தில் வரும் லாக் அட்டவணைக்கும் மரக்கட்டைக்கும் தொடர்பில்லை. அது லாகரிதம் என்பதன் சுருக்கம். ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட சொல், கிரேக்கத்தின் ‘லோகோஸ்’ என்பதிலிருந்து உண்டாக்கியது. டயலாக்கும் மோனலாக்கும் அதே கிரேக்க வேர். கேட்டலாக்கும் கிரேக்கம்தான். இவற்றில் எதுவும் ஒருநாளும் தண்ணீரில் மிதந்ததில்லை.